ஊரடங்கில் தெளிந்த வானம், அதற்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

கொரோனா காலத்தில் காற்றும் தண்ணீரும் குப்பையும் நம் செலவுப் பழக்கமும் எப்படி மாறின, அவற்றில் எது நிலைத்தது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: 2020 ஏப்ரலில் ஜலந்தர் மாடிகளிலிருந்து பனிமலை தெரிந்தது என்று படங்கள் வந்தன. சில வாரத்தில் வானம் அவ்வளவு தெளிந்ததென்றால் புவி வெப்பமும் குறைந்திருக்க வேண்டுமே? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: தெரிந்தது உண்மைதான், அது தௌலாதார் மலைத்தொடர். மலையை மறைத்த புகையும் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவும் ஒரே புகைபோக்கியிலிருந்து வருகின்றன. ஆனால் இரண்டின் ஆயுளும் வேறு. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு சில மணி நேரத்தில் மாறிப்போகும். நுண்துகள் சில நாள் மிதக்கும். மழை வந்தால் அதுவும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் வண்டிகள் நின்ற வாரமே வானம் தெளிந்தது. கரியமில வாயுவில் பெரும்பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே கிடக்கும்.

ஏரிக் கணக்காகப் பாருங்கள். வரத்து வாய்க்காலில் 20 பங்கு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2020-இல் அது 19 பங்கானது. உபரிநீர் வழியும் கலங்கலில் பாதிதான் வெளியேறுகிறது, மீதிப் பாதி ஏரியில் சேர்கிறது. மட்டம் இறங்க வழியில்லை. ஏறும் வேகம்தான் கொஞ்சம் மட்டுப்படும். அந்த ஆண்டு உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் உமிழ்வு சுமார் 5.4 விழுக்காடு, அதாவது 190 கோடி டன் அளவுக்குக் குறைந்தது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு கரியமில வாயு கூட வேண்டுமென்றால் சுமார் 780 கோடி டன் சேர வேண்டும். வெளிவிடுவதில் பாதியைக் கடலும் காடும் இழுத்துக்கொள்வதைக் கழித்தால், ஊரடங்கால் நமக்கு மிச்சமானது ஒரு பங்கில் எட்டில் ஒன்று. ஹவாயிலுள்ள மௌனா லோவா ஆய்வகத்தின் ஆண்டுச் சராசரி 2019-இல் 412, 2020-இல் 414, 2021-இல் 416. உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த ஆண்டை அந்த வரிசையில் கண்டுபிடிக்கவே முடியாது.

வானம் தெளிந்தது என்பதும் முழுக்கதை இல்லை. பல நகரங்களில் தரைமட்ட ஓசோன் அந்த வாரங்களில் கூடியது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும் தன்மையுடையது. தின்பது குறைந்தது, ஏப்ரல் வெயிலோ குறையவில்லை, ஓசோன் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் காற்று நெஞ்சுக்கும் நல்லது என்று ஆஸ்துமா உள்ளவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

கே: எல்லாமே நின்றுபோனதே, பிறகு ஏன் வெறும் 5 விழுக்காடு? குறைந்ததாவது ஏன் நிலைக்கவில்லை? (திருப்பூர் வாசகர்)

ப: நின்றது மனிதர்களின் நடமாட்டம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், உலகின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் பூட்டப்பட்டிருந்த நாட்களில்கூட, அன்றாட உமிழ்வு முந்தைய ஆண்டுச் சராசரியைவிட 17 விழுக்காடுதான் தாழ்ந்தது. மிச்சம் 83 எங்கிருந்து வந்தது? அனல் மின்நிலையம் எரிந்துகொண்டிருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜும் விசிறியும் ஓடின. உர ஆலை, மருந்து ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, மருத்துவமனை, சரக்கு ரயில் எதுவும் நிற்கவில்லை. நாம் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கே அவ்வளவு எரிக்க வேண்டியிருக்கிறது. தனிமனிதர் சிக்கனத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைத் தொடாமல் இந்தக் கணக்கு நகராது என்பதை அந்த ஏப்ரல் காட்டிக்கொடுத்தது.

நிலைக்காததற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. கொதிகலன், லாரி, சிமென்ட் சூளை என்று எந்த இயந்திரமும் மாறவில்லை. சாவி மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இது முதல் முறையும் இல்லை. 2008 நிதி நெருக்கடியை அடுத்து 2009-இல் உலக உமிழ்வு 1.4 விழுக்காடு குறைந்து, 2010-இல் 5.9 விழுக்காடு துள்ளியது. கொரோனாவிலும் 2021-இல் எரிசக்தித் துறை உமிழ்வு 6 விழுக்காடு ஏறி விட்ட இடத்தைப் பிடித்தது. நெருக்கடிக்குப் பின் அரசுகள் கொட்டும் மீட்புப் பணம் எந்த இயந்திரத்தை வாங்குகிறது என்பதுதான் அடுத்த 20 ஆண்டைத் தீர்மானிக்கும். 2021 ஜூலையில் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டபோது, அந்தப் பணத்தில் தூய எரிசக்திக்குப் போனது சுமார் 2 விழுக்காடு மட்டுமே. கைக்கு வந்த வாய்ப்பு அங்கேதான் நழுவியது.

கே: வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். மின்கட்டணம் மட்டும் எகிறுகிறது. உண்மையில் லாபமா? (சென்னை, வேளச்சேரி வாசகி)

ப: நீங்கள் எதில் அலுவலகம் போய்வந்தீர்கள், வீட்டில் எதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட மூன்று எண் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ, நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. (முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி 2.3 கிலோ வாயுவாகும் என்று சிலர் கேட்பதுண்டு. பெட்ரோலின் கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடும் எடை ஆக்சிஜனுடையது.)

ஸ்கூட்டரில் போய்வர 20 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 என்றால் தினம் 1 கிலோ. காரில் தனியாக 30 கிலோமீட்டர், நெரிசலில் லிட்டருக்கு 14 என்றால் 5 கிலோ. 40 பேர் ஏறிய மாநகரப் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், 20 கிலோமீட்டருக்குத் தலைக்கு மூன்றில் ஒரு கிலோ.

இப்போது வீடு. ஒன்றரை டன் ஏசி, நல்ல மாடலே மணிக்கு 1 யூனிட் இழுக்கும். 7 மணி நேரம் ஓடினால் 5 கிலோ. ஆக, காரை விட்டவருக்குச் சரிக்குச் சரி. ஸ்கூட்டரை விட்டவர் ஐந்து மடங்கு கூட்டிவிட்டார். பேருந்தை விட்டவரின் கணக்கு இன்னும் மோசம். ஏசி இல்லாமல் மடிக்கணினியும் சாதாரண விசிறியும் மட்டுமென்றால் நாளைக்கு 1 யூனிட், 0.7 கிலோ. அப்போது காரை விட்டவருக்கும் ஸ்கூட்டரை விட்டவருக்கும் லாபம், பேருந்தை விட்டவருக்கு அப்போதும் இல்லை.

கட்டணம் எகிறுவதற்கும் காரணம் இதே 7 யூனிட்தான். மாதம் 25 நாள், இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் கூடும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இருமாதக் கணக்கு 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் கைவிட்டுப்போகும். 501-ஆவது யூனிட் அதன் விலையைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். செய்யக்கூடியது: வீட்டில் இருவர் வேலை பார்த்தால் ஒரே அறையில் உட்காருங்கள், ஏசியை 26-இல் வைத்து விசிறியையும் ஓடவிடுங்கள், 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்குங்கள், மாதம் ஒருமுறை ஏசி வடிகட்டியைக் கழுவுங்கள்.

அலுவலகங்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாத் தளத்திலும் ஏசியை ஓடவிடுவது. அப்போது வீட்டிலும் எரிகிறது, அங்கேயும் எரிகிறது. வருகிறவர்களை ஒரே தளத்தில் சேர்த்து மற்றத் தளத்தை முழுதாக அணைத்தால்தான் மிச்சம்.

கே: 2020-இல் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது என்றார்கள். நம் பெட்ரோல் பங்கில் விலை இறங்கவே இல்லையே? (திருநெல்வேலி வாசகர்)

ப: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்தது. அது மே மாத ஒப்பந்தம், மறுநாள் காலாவதி. ஒப்பந்தத்தை வைத்திருப்பவர் ஓக்லஹோமாவிலுள்ள குஷிங்கில் எண்ணெயை எடுத்தாக வேண்டும், கொட்டி வைக்கத் தொட்டி கிடைக்கவில்லை. அதனால் கைக்காசு கொடுத்து ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார்கள். இந்தியா வாங்கும் எண்ணெயின் விலை அந்த ஆழத்துக்குப் போகவில்லை. இறங்கிய அளவையும் வரி விழுங்கியது: மார்ச், மே இரண்டு தடவையாக ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் கூட்டியது. இதைப் பசுமை வரி என்று சிலர் எழுதினார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. விலை ஏறினால் மக்கள் மாற்று வழிக்குப் போக வேண்டும். அன்று பேருந்தும் மெட்ரோவும் பூட்டிக் கிடந்தன. போக வழியில்லாத இடத்தில் போட்ட வரி, காய்கறி லாரியின் வாடகையில்தான் ஏறியது.

கே: அடுத்த தொற்று வந்தால் வீட்டில் முகக்கவசம், பரிசோதனைக் குச்சி, கையுறை இவற்றை எப்படிக் கழிக்க வேண்டும்? (மதுரை வாசகி)

ப: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொரோனாவுக்குத் தந்த முறை மற்றத் தொற்றுகளுக்கும் நல்ல அடிப்படை. நோயாளி இல்லாத வீடு: கவசத்தின் வார்களை வெட்டி, கவசத்தையும் குறுக்கே வெட்டி, காகிதப் பையில் போட்டு 72 மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். பிறகு உலர்குப்பையோடு கொடுக்கலாம். வெட்டுவது ஏனென்றால், எடுத்துத் துவைத்து மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். பறவைகளின் காலில் வார் சிக்குவதும் நடக்கிறது.

நோயாளி உள்ள வீடு: அவர் தொட்ட கவசம், கையுறை, பஞ்சு, பரிசோதனைக் குச்சி மட்டும் மஞ்சள் பையில். மீந்த சோறு, பழத்தோல், மருந்து அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சாதாரணக் குப்பைதான். 2020-இல் நடந்த பெரிய தவறு, பயத்தில் வீட்டுக் குப்பை முழுவதையும் மஞ்சள் பையில் கட்டியது. வாரியமே ஜூலையில் வழிகாட்டியைத் திருத்தி, வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. மஞ்சள் பை போவது எரிஉலைக்கு. அதன் இரண்டாம் அறையில் 1,050 டிகிரி வெப்பத்தில் புகை 2 நொடி நிற்க வேண்டும் என்பது விதி. நின்றால்தான் டையாக்சின் போன்ற நச்சு உடையும். ஈரச்சோறும் தண்ணீர்ப் பையும் உள்ளே போனால் உலை குளிர்ந்துவிடும். நச்சு அப்படியே புகைபோக்கி வழியே ஊருக்குள் வரும். 2021 மே மாதம் நாடு முழுவதும் கொரோனா மருத்துவக் கழிவு நாளொன்றுக்குச் சுமார் 200 டன் வந்த நேரத்தில், தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் உலைக்குச் சுமை.

பிளீச்சிங் அளவையும் பலர் கேட்டிருக்கிறீர்கள். கழிவின் மேல் தெளிக்க 1 விழுக்காட்டுக் கரைசல்: கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 33 கிராம். தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். தரைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 விழுக்காட்டுக் கரைசல் 20 மில்லி. முதலில் சோப்பு நீரால் துடைத்துவிடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அழுக்கோடு சண்டைபோட்டே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாள் வலுவிருக்காது. கழிவறை ஆசிட்டோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தெருத்தெருவாக மருந்தடித்ததால் பலன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. மண்ணும் தூசியும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. சாக்கடையில் போய்ச் சேர்ந்த மருந்துதான் மிச்சம்.

கே: நாளுக்குப் பத்துத் தடவை கை கழுவினால் தண்ணீர் என்னாவது? (சென்னை, ஆவடி வாசகர்)

ப: 2019 கோடையில் ஏரி வறண்டதைப் பார்த்த ஊரில் நியாயமான கவலை. குழாயைத் திறந்து வைத்தே 20 நொடி தேய்த்தால் ஒரு தடவைக்கு 2 லிட்டருக்கு மேல் போகும். நால்வர் வீட்டில் நாளைக்கு 80 லிட்டர். நனைத்ததும் குழாயை மூடி, தேய்த்து முடித்த பின் திறந்தால் அரை லிட்டரில் முடியும். 20 நொடி என்பது தேய்க்க வேண்டிய நேரம், குழாய் ஓட வேண்டிய நேரம் இல்லை.

கே: ஊரடங்கில் தோட்டத்தில் தக்காளியைக் கொட்டினோம், நகரத்தில் விலை ஏறியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி? மறுபடி நடந்தால் என்ன செய்யலாம்? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

ப: காய்கறி போகும் குழாய் இரண்டு. ஒன்று ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம், இன்னொன்று வீடு. முதல் குழாய் 2020 மார்ச் இறுதியில் அப்படியே அடைபட்டது. அந்தச் சரக்கை வீட்டுக் குழாய்க்குத் திருப்ப வேண்டுமென்றால் பெட்டியைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோவாக்க ஆள் வேண்டும், சின்ன வண்டி வேண்டும், தெருவுக்குள் போக அனுமதி வேண்டும். மூன்றும் இல்லை. போதாததற்குச் சென்னையின் சரக்கு முழுவதும் கோயம்பேடு என்ற ஒரே வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே தொற்று பரவி மே 5 அன்று பூட்டியதும், திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கும்வரை மாற்று வாசல் இல்லை. விளைச்சலிலும் குறையில்லை, தேவையிலும் குறையில்லை, நடுவில்தான் அடைப்பு.

கொட்டிய தக்காளியோடு அதற்குப் பாய்ச்சிய தண்ணீரும் போட்ட உரமும் ஓட்டிய மோட்டாரும் சேர்ந்து வீணாகிறது. அதனால் நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்கும் வசதி தோட்டத்திலேயே இருப்பது நல்லது. டெல்லியிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த மின்சாரமில்லாக் குளிர் அறையை நீங்களே கட்டலாம். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்துக்குச் செங்கல் தளம். அதன் மேல் 67.5 செ.மீ. உயரத்துக்கு இரட்டைச் சுவர். இரு சுவருக்கும் நடுவே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு ஆற்றுமணல் நிரப்ப வேண்டும். மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ சாக்கோ வேய்ந்த மூடி. காலையும் மாலையும் மணலையும் மூடியையும் நனைத்துவிடுங்கள். 100 கிலோ வரை கொள்ளும். வறண்ட கோடையில் உள்ளே வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் குறையும். உங்கள் பக்கத்துக்குப் பொருந்தும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு குளிராது.

உடைந்த பழத்தையும் நன்கு பழுத்ததையும் உள்ளே வைக்காதீர்கள்; ஒன்றிலிருந்து வரும் எத்திலீன் மற்றதையும் பழுக்கவைக்கும். வெங்காயத்தை இதில் வைக்கவே கூடாது, ஈரத்தில் முளைத்துவிடும். மின்சாரக் குளிர்ப்பதனக் கிடங்கு கிடைத்தாலும் தக்காளியை 12 டிகிரிக்குக் கீழே இறக்கவேண்டாம். தோல் குழிவிழுந்து, எடுத்த மறுநாள் அழுகும்.

கே: கொரோனாவில் மக்கள் சிக்கனம் கற்றுக்கொண்டார்கள் என்கிறார்களே, நிலைத்ததா? (கரூர் வாசகர்)

ப: இல்லை. இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21-இல் மொத்த உற்பத்தியில் 11 விழுக்காட்டைத் தாண்டியது. 2022-23-இல் 5 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. முதலில் சேர்ந்தது கற்ற சிக்கனத்தால் வந்ததல்ல. கடை, சினிமா, பயணம், கல்யாணம் எல்லாம் பூட்டியிருந்ததால் மாதச் சம்பளக்காரர் கையில் தானாகத் தங்கியது. தினக்கூலிக்காரர் வீட்டில் அதே மாதங்களில் நகை அடகுக்குப் போனது. நகைமதிப்பில் 75 விழுக்காடு வரை மட்டுமே வங்கிகள் கடன் தரலாம் என்ற வரம்பை ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் 90 ஆக உயர்த்தியதே நிலவரத்தைச் சொல்லும். நூறு நாள் வேலையும் 265 கோடி மனித நாட்களிலிருந்து ஒரே ஆண்டில் 389 கோடிக்கு ஏறியது. சராசரிச் சேமிப்பு என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்த இரண்டு வீடும் அடங்கியிருக்கின்றன.

பூட்டுத் திறந்ததும் சேர்ந்த பணம் கார், ஏசி, பெரிய டி.வி. என்று போனது. இவை பத்தாண்டு மின்சாரமும் பெட்ரோலும் கேட்கும் பொருள்கள். நெருக்கடிக்குப் பின் வாங்கும் பொருளைத்தான் அதிகம் யோசித்து வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்: நட்சத்திரக் குறி ஐந்தா, மூன்றா என்ற ஒரு முடிவு, அடுத்த பத்தாண்டு மின்கட்டண அட்டையில் இருமாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும்.

கே: இலங்கையில் 2021-இல் இரசாயனப் பசளையை (உரத்தை) தடை செய்ததற்கும் கொரோனாவுக்கும் தொடர்பு உண்டா? சேதனப் பசளையே (இயற்கை உரமே) கூடாதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: நேரடித் தொடர்பு உண்டு. 2018-இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2020-இல் 5 லட்சமும் 2021-இல் 2 லட்சத்துக்கும் குறைவானோரும் வந்தார்கள். டொலர் வரவு வற்றியது. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டொலர் மிச்சம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 2019 தேர்தலில் பத்தாண்டில் மாறுவோம் என்றவர்கள், 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெறும்போது பெரும்போகம் (ஆண்டின் முதன்மை நெல் சாகுபடி) தொடங்கிவிட்டிருந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த டொலரை அடுத்த ஆண்டு அரிசி இறக்குமதிக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

சேதனப் பசளை நல்லது. அளவுக் கணக்குத்தான் பிழைத்தது. ஏக்கர் நெல்லுக்கு 40 கிலோ நைதரசன் தேவையென்றால் 87 கிலோ யூரியாவில் முடியும். நல்ல கூட்டெருவில் உலர்ந்த எடைக்கு 1.5 விழுக்காடு நைதரசன், ஈரம் 40 விழுக்காடு என்றால் அதே 40 கிலோவுக்கு நாலரை டன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இராது. ஆக 13 டன். நாடு முழுக்க ஒவ்வொரு ஏக்கருக்கும் அவ்வளவு எரு ஒரே போகத்தில் எங்கும் கிடையாது.

மாற நினைத்தால் கால்பங்கில் தொடங்குங்கள். விதைப்புக்கு முன் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் 25 கிலோ வரை நைதரசன் மண்ணில் சேரும். முற்றவிட்டால் தண்டு மரத்துப்போய் மக்க நாளாகும். மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனையே அது இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். வேலியிலுள்ள கிளிசரியா, பூவரசு இலையை வெட்டித் தாழ்ப்பது உங்கள் பக்கத்து வழக்கம்தானே. அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று போகம் விளைச்சலை எழுதி வைத்துப் பார்த்து, யூரியாவை அடுத்த கால்பங்கு குறையுங்கள்.

கே: ஓட்டல் பார்சலில் பிளாஸ்டிக்குக்குப் பதில் காகிதக் கப் வந்துவிட்டதே, நல்லதுதானே? (தஞ்சாவூர் வாசகி)

ப: காகிதக் கப்பின் உட்புறம் பாலித்தீன் பூச்சு உண்டு. அதனால் மக்காது, பழைய காகிதத்தோடும் சேராது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் இருக்கின்றன. கொரோனா நேரத்தில் கண்காணிப்பு தளர்ந்தபோது திரும்பி வந்தவை அவை. தூக்குவாளி கொண்டுபோனால் தொற்றும் என்று அப்போது பல ஓட்டல்கள் மறுத்தன. அந்த நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவியது, பாத்திரம் வழியே அல்ல. சோப்புப் போட்டுக் கழுவிய எவர்சில்வர் தூக்கில் கொதிக்கும் சாம்பாரைத் தாராளமாக வாங்கலாம்.